குண்டானுக்குப் பயந்தோம், குன்றை விட்டுவிட்டோம்

அலுமினியப் பாத்திரத்தில் சமைத்தால் மறதி நோய் வரும், எலும்பு உருகும், சிறுநீரகம் கெடும் என்று ஒரு வாட்ஸப் செய்தி பல வருடமாக நம்மூரைச் சுற்றிவருகிறது. கொஞ்சம் தேசபக்தி சேர்த்து இன்னொரு வடிவமும் உண்டு. சிறையில் இருந்த விடுதலைப் போராட்ட வீரர்களை மெல்ல மெல்லக் கொல்வதற்காக வெள்ளைக்காரன் கொண்டுவந்த தந்திரம்தான் அலுமினியத் தட்டாம். இதை நம்பி நடுத்தர வர்க்க வீடுகளில் குண்டான்கள் பரணுக்குப் போயின. பிறகு எடைக்குப் போயின. அந்த இடத்தில் கல்சட்டியும் மண்சட்டியும் பித்தளை உருளியும் 'பாரம்பரியம்' என்ற சீட்டை ஒட்டிக்கொண்டு ஆயிரக்கணக்கான ரூபாய் விலையில் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

வாங்குகிறவர் வாங்கட்டும். கல்சட்டியில் வத்தக்குழம்பு நன்றாகத்தான் இருக்கிறது. என் சண்டை ருசியோடு அல்ல. அலுமினியத்தைப் பற்றிப் பயப்பட வேண்டிய விஷயங்கள் நிஜமாகவே இருக்கின்றன. அவை நம் அடுப்பின் மேல் இல்லை, ஒடிசாவின் மலைகளிலும் மேட்டூரிலும் இருக்கின்றன. அங்கே பார்க்க வேண்டிய கண்ணை இங்கே குண்டானுக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறோம். இந்தப் பயம் தவறு என்பதைவிட இடம் மாறிவிட்டது என்பதுதான் எனக்குப் பெரிய குற்றமாகப் படுகிறது.

முதலில் அந்த வெள்ளைக்காரச் சதி. அலுமினியப் பாத்திரத் தொழில் இந்தியாவில் வேர்பிடித்த இடங்களில் ஒன்று சிறைச்சாலை அல்ல, சென்னைக் கலைப்பள்ளி. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இன்று அரசு கவின்கலைக் கல்லூரி என்ற பெயரில் இருப்பதுதான் அது. சென்னைப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன் 1898-இல் அந்தப் பள்ளியின் பட்டறையில் அலுமினியத் தகட்டை வைத்துப் பாத்திரம் செய்யும் வேலையைத் தொடங்கினார். உள்ளூர் கன்னார்களின் கைத்திறனுக்குப் புது உலோகம் ஒன்று பிழைப்புத் தரும் என்பது அவர் கணக்கு. பித்தளையில் புளி பட்டால் களிம்பு ஏறும், அதனால் உள்ளே ஈயம் பூசியாக வேண்டும். பூச்சு தேயத் தேய ஈயம் பூசுகிறவரைக் கூப்பிட்டுக் காசு கொடுக்க வேண்டும். அலுமினியத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. எடையும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. தொழில் சூடுபிடித்தது, சில வருடங்களில் ஒரு தனியார் கம்பெனியின் கைக்கும் போனது.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. அரசாங்கமே இப்படித் தொழில் தொடங்கினால் எங்கள் வியாபாரம் என்னாவது என்று சென்னையிலிருந்த ஐரோப்பிய வணிகர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். லண்டனில் இந்தியா மந்திரியாக இருந்த மார்லி பிரபு 1910-இல் சென்னை அரசின் தொழில் முயற்சிகளுக்குக் கடிவாளம் போட்டு எழுதினார். சதி என்றால், சதிகாரனே தன் சதிக்கு முட்டுக்கட்டை போட்ட கதையாக அல்லவா இது இருக்கிறது? வாட்ஸப் வரலாற்றாசிரியர்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது, விடுங்கள்.

நோய் விஷயத்துக்கு வருவோம். இது முழுக்கக் கட்டுக்கதை என்று தள்ளிவிட முடியாது, அதனால்தான் இவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறது. 1965-இல் முயல்களின் மூளைக்குள் அலுமினிய உப்பைச் செலுத்தியபோது நரம்பணுக்களில் சிக்கல்கள் தோன்றின. 1970-களில் அல்சைமர் நோயாளிகள் சிலரின் மூளையில் அலுமினியம் கூடுதலாக இருப்பதாக ஒரு கட்டுரை வந்தது. அதே பத்தாண்டில் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த நோயாளிகளுக்கு ஒருவித மூளைச்சிதைவு வந்தது. அதற்கு டயாலிசிஸ் தண்ணீரிலும் அவர்களுக்குக் கொடுத்த மருந்துகளிலும் இருந்த அலுமினியம் காரணம் என்பது நிரூபணமானது. இது உண்மையான துயரம், இதனால் தண்ணீர்த் தரவிதிகளே மாறின. ஆனால் டயாலிசிஸ் நோயாளிக்கு அந்தத் தண்ணீர் நேரடியாக ரத்தத்தோடு உறவாடுகிறது, சிறுநீரகமும் வேலை செய்வதில்லை. நமக்கு வயிறு என்று ஒன்று இருக்கிறது. சாப்பாட்டோடு உள்ளே போகும் அலுமினியத்தில் நூற்றில் ஒரு பங்குகூட ரத்தத்தில் சேர்வதில்லை. சேர்வதையும் நல்ல சிறுநீரகம் வெளியே தள்ளிவிடுகிறது. அல்சைமருக்கும் சமையல் பாத்திரத்துக்கும் காரணத் தொடர்பை அதற்குப் பிறகு வந்த ஐம்பது வருட ஆய்வு உறுதிப்படுத்தவில்லை.

உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு 2011-இல் வைத்த வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 2 மில்லிகிராம். அறுபது கிலோ ஆளுக்கு 120 மில்லிகிராம். ரசத்தையும் புளிக்குழம்பையும் குண்டானிலேயே விட்டு மறுநாள் சூடுபண்ணிச் சாப்பிட்டால் இந்தக் கணக்கில் ஒரு பகுதி நிச்சயம் கரையும். புளியும் உப்பும் அலுமினியத்தின் மேலுள்ள மெல்லிய ஆக்சைடு படலத்தை அரிக்கும். நம் பாட்டிமார் குழம்பை மாற்றி ஊற்றி வைத்ததற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. அரிசி வடிக்க, பால் காய்ச்ச, இட்லி அவிக்க அந்தப் பாத்திரத்துக்கு ஒரு குறையும் இல்லை. அலுமினியம் என்றாலே விஷம் என்று சொல்கிறவர்கள் நெஞ்செரிச்சலுக்கு வாங்கிக் குடிக்கும் வெள்ளை மருந்தின் சீசாவைத் திருப்பி என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படிக்கலாம். அலுமினியம் ஹைட்ராக்சைடு. கலங்கல் தண்ணீரில் சுழற்றுகிற படிகாரம்? அதுவும் அலுமினியத்தின் உப்புதான்.

இங்கே உண்மையான ஆபத்து ஒன்று உண்டு, அதன் பெயர் காரீயம். கண்ட கண்ட பழைய உலோகத்தையும் ஒன்றாக உருக்கி வார்க்கும் சிறு பட்டறைகளில் பாத்திரத்துக்குள் காரீயம் கலந்துவிடுகிறது. கேமரூனில் இப்படி வார்த்த பாத்திரங்களைச் சோதித்தபோது சமைக்கும்போதே காரீயம் கசிவது தெரிந்தது. இந்தாலியம் என்ற பெயரில் நம் நாட்டிலிருந்து போகும் சில பாத்திரங்களைப் பற்றி 2025-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதே காரணத்துக்காக எச்சரிக்கை வெளியிட்டது. குழந்தைகளின் மூளைக்குக் காரீயம் செய்வது சந்தேகத்துக்கிடமான விஷயமே அல்ல. ஆனால் எந்த வாட்ஸப் செய்தியிலாவது இதைப் பார்த்திருக்கிறீர்களா? தமிழில் வேறு ஒரு குழப்பம். ரசம் வைக்கிற ஈயச்சொம்பின் ஈயம் வெள்ளீயம். பாடப்புத்தகத்தில் வரும் ஈயம் காரீயம். பல ஊர்களில் அலுமினியக் குண்டானுக்கே 'ஈயப் பாத்திரம்' என்றுதான் பெயர். மூன்று உலோகத்துக்கு ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எதற்குப் பயப்படுகிறோம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கோபம் வருகிறவர்கள் அலுமினியத்தின் மேல் படவேண்டாம். தரச்சான்று இல்லாத வார்ப்பின் மேல் படட்டும். 2024-இல் மத்திய அரசு அலுமினியப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கி ஆணை போட்டது. வாரச்சந்தையில் தரையில் விரித்து எடைக்கு விற்கும் குண்டானில் அந்த முத்திரையைத் தேடிப் பாருங்கள்.

இனி அடுத்த கட்சிக்காரர்களிடம் போவோம். தொழில்துறை மாநாடுகளில் அலுமினியத்தை 'பசுமை உலோகம்' என்றும் 'எதிர்கால உலோகம்' என்றும் மேடை போட்டு வாழ்த்துகிறவர்கள். சும்மா சொல்லக் கூடாது, அவர்கள் அடுக்கும் பயன்களில் பொய் எதுவும் இல்லை. தலைக்கு மேல் போகும் உயரழுத்த மின்கம்பியைப் பாருங்கள். நடுவில் எஃகு, சுற்றிலும் அலுமினியப் புரி. ஒரே தடிமனில் செம்பு கடத்துவதில் அறுபது சதவீதம்தான் அலுமினியம் கடத்தும். ஆனால் அதன் அடர்த்தி 2.7, செம்புக்கு கிட்டத்தட்ட 9. ஆகவே அதே மின்சாரத்தைக் கொண்டுபோக அலுமினியக் கம்பியின் எடை செம்பில் பாதி இருந்தால் போதும். கோபுரமும் இலேசாகும், விலையும் குறையும். இந்தியாவின் மலைக்காட்டு ஊர்வரை விளக்கு எரிவது இந்த ஒரு கணக்கினால்தான் என்று சொன்னால் மிகை கிடையாது. மற்ற நாடுகளில் வாகனமும் கட்டடமும் அலுமினியத்தை அதிகம் விழுங்குகின்றன. இங்கே முதலிடம் இன்னமும் மின்துறைக்குத்தான்.

கரூரில் கட்டும் பேருந்தின் தகடு, ஆவின் பால் கேன், சூரியத் தகட்டின் சட்டம், விமானத்தின் உடல், ராக்கெட்டின் திட எரிபொருளில் கலக்கும் தூள் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். துருப்பிடிக்காது, 660 டிகிரியில் உருகும், எத்தனை முறை உருக்கினாலும் குணம் மாறாது, மறுபடி உருக்க முதல் உற்பத்திக்கு ஆகும் ஆற்றலில் இருபதில் ஒரு பங்கு போதும். எல்லாம் சரி.

அந்த 'முதல் உற்பத்தி'யில்தான் வாய் அடைபடுகிறது. மண்ணில் மிக அதிகமாக இருக்கும் உலோகம் இதுதான், ஆனால் ஆக்சிஜனை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருப்பதால் 19-ஆம் நூற்றாண்டு வரை யார் கண்ணிலும் படவில்லை. 1884-இல் வாஷிங்டன் நினைவுத்தூணின் உச்சியில் மூன்று கிலோவுக்கும் குறைவான ஒரு அலுமினியக் கூம்பை வைத்தார்கள், அன்று அது வெள்ளிக்குச் சமமான விலை. 1886-இல் அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டின் ஹாலும் பிரான்ஸில் பால் எரூவும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே வழியைக் கண்டார்கள். இருவரும் 1863-இல் பிறந்தவர்கள், இருவரும் 1914-இல் இறந்தார்கள். உருகிய கிரையோலைட்டில் அலுமினாவைக் கரைத்து மின்சாரம் பாய்ச்சினால் அலுமினியம் அடியில் தங்கும். அதற்கு முன்னால் பாக்சைட்டைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து அலுமினாவைப் பிரிப்பது கார்ல் பேயரின் வழி. இன்றுவரை உலகம் இந்த இரண்டு வழிகளில்தான் போகிறது.

ஒரு டன் அலுமினியத்துக்கு மின்சாரம் ஏறக்குறைய 14,000 யூனிட். இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் எரிக்கும் ஒரு தமிழ்நாட்டு வீடு ஆறு வருடம் வாழும் மின்சாரம் இது. ஐஸ்லாந்திலும் நார்வேயிலும் இது அருவியிலிருந்து வருகிறது, அங்கே பசுமை என்ற பேச்சுக்கு ஒரு அர்த்தம் இருக்கிறது. இந்தியாவின் உருக்காலைகள் கிட்டத்தட்ட எல்லாமே சொந்த நிலக்கரி மின்நிலையத்தில் ஓடுகின்றன. நிலக்கரியில் ஒரு யூனிட்டுக்கு சுமார் ஒரு கிலோ கரியமிலவாயு என்று வையுங்கள், ஒரு டன் உலோகத்துக்கு மின்சாரத்தில் மட்டும் 12, 14 டன் புகை. தொட்டியில் எரிந்து தீரும் கரி மின்முனைக்குத் தனியாக இன்னும் ஒன்றரை டன். அதே உலோகத்தில் ஒரு காரை இலேசாக்கி பெட்ரோல் மிச்சம் பிடித்துவிட்டோம் என்று கைதட்டுகிறார்கள். மிச்சம் உண்மைதான். எங்கே செலவழித்தார்கள் என்ற பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டுக் கணக்குப் புத்தகத்தைக் காட்டுகிறார்கள்.

செலவின் இன்னொரு பெயர் செஞ்சேறு. ஒரு டன் அலுமினா எடுத்தால் ஒரு டன்னுக்குக் குறையாத, சில சமயம் ஒன்றரை டன் வரை, காரம் ஊறிய சிவப்புச் சேறு மிஞ்சும். ஒரு டன் உலோகத்துக்கு இரண்டு டன் அலுமினா வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கே கொட்டுவது? கரை கட்டித் தேக்கி வைக்கிறார்கள். 2010 அக்டோபர் 4 அன்று ஹங்கேரியின் அய்க்கா நகரருகே அப்படி ஒரு கரை உடைந்தது. கொலோந்தார் கிராமத்தின் தெருக்களில் சேறு ஆள் உயரத்துக்குப் பாய்ந்தது, பத்துப் பேர் இறந்தார்கள், பலருக்குத் தோல் வெந்துபோனது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டதிட்டங்களுக்குள்ளேயே நடந்தது இது.

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. மேட்டூர் இருக்கிறது. அணையின் மின்சாரத்தை நம்பி 1960-களில் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி அங்கே வந்தது. பாக்சைட் பக்கத்து மலைகளிலேயே கிடைத்தது, ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும். சேர்வராயன் மலையின் உச்சிகளைச் சீவி எடுத்து, கீழே கொண்டுவந்து, காவிரிக் கரையில் உருக்கினோம். 2008 இறுதியில் உலோக உற்பத்தி நின்றது. வேலை போனது. சீவின உச்சி வளரவில்லை, தேக்கின செஞ்சேறும் ஆலையோடு சேர்ந்து ஓய்வுபெற்றுப் போய்விடவில்லை. ஏற்காட்டுக்குக் கோடை விடுமுறைக்குப் போகிற எத்தனை பேருக்கு இந்த மலை ஒரு காலத்தில் அலுமினியமாகிக் கீழே இறங்கியது தெரியும்?

நியாம்கிரியின் கதை தெரிந்தவர்கள் கொஞ்சம் அதிகம். ஒடிசாவில் டோங்கிரியா கோந்து மக்கள் தங்கள் நியமராஜா குடியிருப்பதாகக் கும்பிடும் மலை. அதன் உச்சியில் ஏழு கோடி டன்னுக்கு மேல் பாக்சைட். மலைமுடியின் அந்தப் படிவம் துளைகள் நிறைந்தது, மழையை உறிஞ்சி வைத்து மெதுவாக ஊற்றாகவும் ஓடையாகவும் விடுவது. அடிவாரத்தில் லாஞ்சிகரில் சுத்திகரிப்பு ஆலையை முதலில் கட்டிவிட்டு, ஆலை வந்துவிட்டதே, இனி மலை வேண்டுமே என்று வேதாந்தா கேட்டது. 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் முடிவை கிராம சபைகளிடம் விட்டது. பன்னிரண்டு ஊர்கள் கூடின. பன்னிரண்டும் முடியாது என்றன. உலகம் ஒரு வருடத்தில் தோண்டும் பாக்சைட் கிட்டத்தட்ட 40 கோடி டன். அப்படியானால் நியாம்கிரி முழுவதையும் கரைத்தாலும் உலகின் பசிக்கு இரண்டு மாதத் தீனி. இரண்டு மாதம்!

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். 'உங்க போன்ல இருக்கறது என்ன சார்? ஜன்னல்ல இருக்கறது என்ன? அதையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு வந்து பேசுங்க.' கேட்கச் சாமர்த்தியமாகத்தான் இருக்கிறது. ஆனால் அரிசி சாப்பிடுகிறவன் விவசாயக் கூலி பற்றிப் பேசக்கூடாது என்பதற்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. பயன்படுத்துகிறவனுக்குத்தான் விலை கேட்கும் உரிமை அதிகம். மேலும் இந்த வாதம் எல்லாப் பயனையும் ஒரே கட்டாகக் கட்டிவிடுகிறது. மின்கம்பி நாற்பது வருடம் கோபுரத்தில் நின்று வேலை செய்துவிட்டு, கழற்றினால் முழு எடைக்கும் விலைபோகும். பரோட்டா சால்னா கட்டும் சில்வர் கவரின் ஆயுள் கடையிலிருந்து வீடு வரை. பழச்சாறு டப்பாவின் உள்ளே தலைமுடியைவிடப் பலமடங்கு மெல்லிய அலுமினியத் தாள் காகிதத்தோடும் பிளாஸ்டிக்கோடும் ஒட்டியிருக்கிறது, அதைத் தனியே உரிப்பது பெரும்பாடு. நாட்டு வளர்ச்சிக்கு அலுமினியம் வேண்டும் என்று மலையடிவாரத்தில் சொல்லும்போது மின்கம்பியைக் காட்டுகிறார்கள். விற்பனை வளர்ச்சிக் கூட்டத்தில் பொதிகையைக் காட்டுகிறார்கள். எந்த அலுமினியத்துக்காக எந்த மலை என்று பிரித்துச் சொல்லச் சொன்னால் இருமல் வந்துவிடுகிறது.

சீனாவுக்கு அடுத்து உலகில் அதிக அலுமினியம் உருக்கும் நாடு இப்போது நாம்தான், வருடத்துக்கு நாற்பது லட்சம் டன் அளவில். அதே நாடு வெளியிலிருந்து வருடம் பத்து லட்சம் டன்னுக்கு மேல் பழைய அலுமினியத்தைக் கப்பலில் இறக்குமதி செய்கிறது. இருபதில் ஒரு பங்கு ஆற்றலில் கிடைக்கும் உலோகம், ஆகவே வாங்குவதில் தப்பில்லை. ஆனால் உள்ளூர்ப் பழையதைச் சேர்க்கும் வேலையை யார் செய்கிறார்? 'பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்' என்று கூவிக்கொண்டு போனவரின் மகன்தான். அவருக்குக் கையுறை கிடையாது, அடையாள அட்டை கிடையாது. அவர் கொடுக்கும் சரக்கைத் தரம் பிரித்து, காரீயம் கலக்காமல் உருக்க வசதியுள்ள பட்டறைகள் மாவட்டத்துக்கு எத்தனை? மலையைக் குத்தகைக்குக் கொடுக்கும் வேகத்தில் பத்தில் ஒரு பங்கைச் சிறு வார்ப்புப் பட்டறைகளுக்குச் சோதனைக்கருவி வாங்கிக் கொடுப்பதில் காட்டியிருந்தால், சந்தைக் குண்டானைப் பற்றி நான் மேலே அவ்வளவு எழுதியிருக்க வேண்டாம்.

எங்கள் தெருவுக்கு வாரம் ஒருமுறை தள்ளுவண்டியில் வருகிறவரிடம் பிரியாணி வந்த வெள்ளித்தாள் டப்பாக்களைக் கொடுத்துப் பார்த்தேன். கையில் வாங்கி எடை பார்ப்பதுபோல் ஆட்டிவிட்டு, 'இதுல எண்ணெய் ஒட்டியிருக்கு சார், காத்து மாதிரி எடை, எவனும் எடுக்கமாட்டான். குண்டான் இருந்தா கொடுங்க' என்றார். டப்பாக்கள் மாநகராட்சித் தொட்டிக்குப் போயின.